பழைய ஜனவரியில் ஒரு முகம்

உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு பாய் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்த்த காலம் அது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான். அப்படிக் கற்றவனுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும், தெரியாத இடம் எப்போது வந்து நிற்குமோ என்று. ஒரு சித்திரை வெயிலில் அது வந்து நின்றது.

பக்கத்துக் கிராமத்தில் பயிர் வைக்கிற வீட்டு அம்மா ஒருவர் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். நினைவு தடுமாறிப்போன அவருடைய அப்பாவை விடியற்காலையிலிருந்து காணவில்லை. கிணறுகளையும் ஏரிக்கரையையும் பார்த்தாயிற்றாம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்கிறார்களாம். போன மழைக்காலத்தில் முதியோர் பென்ஷனுக்காக எங்கள் கடையில் எடுத்ததுதான் அவருடைய ஒரே படம். கொடுத்த பிரதிகளெல்லாம் மனுவோடு போய்விட்டன.

"உங்க பொட்டியில இருக்குதா தம்பி? நைனா மொகம் இருந்தா போதும். பஸ்காரங்ககிட்ட காட்டிக் கேப்பேன்."

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாங்கள் படங்களுக்குப் பெயரே வைப்பதில்லை, வெறும் எண்கள்தான். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் கரண்ட் வேறு போய்விடும். பெயர் தெரியாவிட்டால் தேதியை வைத்துத் தேடலாம் என்று தேடும் கட்டத்தைத் திறந்து, ஐப்பசி கார்த்திகைக்குரிய மாதங்களைக் கொடுத்தேன். தேடல் முடியும்வரை திரையின் மூலையில் ஒரு நாய் பொம்மை வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில், எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது.

முன்னும் பின்னும் ஒரு மாதம் சேர்த்தேன். மழைக்காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா? என் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"பதறாத காரியம் சிதறாதுப்பா" என்றார் பாய். அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. சட்டென்று அதைக் கீழே வைத்தார். "அந்த மழையில பொட்டிக்குள்ள தேதி காட்டுற பேட்டரி செத்துக் கெடந்துச்சே. கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. தெனம் ஆன் பண்ணா ஏதோ பழைய வருஷத்து ஜனவரி ஒண்ணாந்தேதி காட்டும். நாம இன்னா, தேதிய மாத்திக்கினா இருந்தோம்?"

மாற்றவே இல்லை. புதுப் பேட்டரி போடும்வரை அப்படியே ஓட்டினோம். அந்தப் பழைய ஜனவரியைக் கொடுத்துத் தட்டினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த ஒரே தேதியில் குவிந்து கிடந்தது. கல்யாண ஜோடிகள், பள்ளிப் பிள்ளைகள், கடைசியில் கழுத்துவரை பட்டன் போட்ட பெரியவர்.

"இந்தச் சட்டையதான் போட்டுக்கினு போனாரு" என்றார் அந்த அம்மா.

அச்செடுத்துக் கொடுத்து, கடை போன் நம்பரையும் பின்னால் எழுதினேன். அவர் பஸ் நிலையத்துக்கு ஓடினார். அதன் பிறகுதான் பயம் அதிகமானது. முகம் கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரியா?

வெயில் தாழும் நேரத்தில் போன் அடித்தது. பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். எடுக்க இருவருக்கும் கை வரவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். பஸ் இரைச்சல். அதற்கு நடுவில் அந்த அம்மாவின் குரல். என்னிடம் பேசவில்லை. வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"நாஷ்டாகூடத் துன்னாம அவ்ளோ தூரம் ஓரிக்கை ஊரு வரைக்கும் இன்னாத்துக்கு நைனா வந்தே?"