நுனிப்பழத்தின் புளிப்பு

கம்பத்துப் பக்கம் பன்னீர் திராட்சை வெட்டப் போகும் பெண்களில் நானும் ஒருத்தி. பழம் பதமாகிவிட்டதா என்று தின்று பார்த்துச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, தானாக வந்து சேர்ந்தது. காபிகூடக் குடிக்காமல், வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் தின்பேன். சத்தமாகப் பேச வராது. தோட்டக்காரம்மா காதோடு சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு தோட்டத்துக்கு வந்த வியாபாரி, சின்னக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கண்ணாடியில் பழச்சாற்றை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், இனிப்பு எவ்வளவென்று கோடு காட்டும். மீட்டர் என்றார். பார்த்துவிட்டு, இன்றைக்கே வெட்டலாம் என்றார். தோட்டக்காரம்மாவுக்கு மழை பயம் வேறு. ஆனால் திராட்சையை வெட்டிய பிறகு அதில் மேற்கொண்டு இனிப்பு ஏறாது. புளிப்போடு சந்தைக்குப் போனால் அந்தத் தோட்டத்துப் பேரே கெட்டுவிடும். அந்த அம்மா என்னைப் பார்த்தார். புளிக்கிறது என்றேன்.

வியாபாரி சிரித்தார். "புளிப்பு ஒங்க நாக்குல இருக்கு ஆத்தா. இது யாரு பாத்தாலும் ஒண்ணத்தான் காட்டும்."

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என் வாயில் இருப்பதை எடுத்து அடுத்தவர் வாயில் வைக்க முடியுமா? வயசான நாக்கு ஏமாற்றுகிறதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் அவர் பழம் பறித்த இடம் ஞாபகம் வந்தது. பந்தலின் ஓரம், வெயில் படும் குலைகள், அதிலும் காம்புப் பக்கம் பெருத்துக் கறுத்தவை. கண்ணுக்கு அழகாக இருந்ததைத்தான் அவர் கை பறித்திருந்தது.

நடுப்பந்தலுக்குப் போய், நிழலில் தொங்கிய குலைகளின் நுனியில் ஒவ்வொரு பழமாகப் பறித்து முந்தானையில் கொண்டுவந்தேன். இதையும் விட்டுப் பாருங்கள் என்றேன். பார்த்தார். குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கோடு இறங்கியிருந்தது.

எங்கள் கூட்டத்துக்காரி ஒருத்தி விடவில்லை. "மீட்டரு பொய் சொல்லாதுண்ணே. பழத்தப் பொறுக்குனது ஒங்க கண்ணுல்ல?"

அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

வெட்டைத் தள்ளிப்போட்டோம். மூன்று நாள் மேகத்தையே பார்த்துக் கிடந்தோம், தோட்டக்காரம்மாவும் நானும். என் சொல்லை நம்பி ஒரு தோட்டமே காத்திருந்ததே. நான்காம் நாள் காலை நுனிப்பழமும் இனித்தது. என் நாக்கை நான் நம்பினேன். ஆனாலும் மறுபடி வந்திருந்த வியாபாரியிடம் குழாயை வாங்கிக் கண்ணில் வைத்தேன். எனக்குள் மட்டும் இருப்பதாக அவர் சொன்ன ருசி, எல்லோரும் பார்க்கிற கோட்டில் ஏறி நின்றது. அப்போது எனக்கு வந்த பெருமையை ஏன் மறைக்க வேண்டும்?

"என்ன சொல்றீக ஆத்தா?" என்று வியாபாரியே கேட்டார்.

பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "வெட்டுங்க" என்றேன்.