அட்டையில் எழுதாத வேகம்

என் கைப்பேசி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகத் தொடங்கியது. சிராங்கூன் சாலையில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

உள்ளே இருந்தது என் மகளின் முதல் ஒன்றரை வருடம். இணையத்தில் இலவசமாகக் கொடுக்கும் இடம் அவளுக்கு மூன்று மாதமானபோதே நிரம்பிவிட்டது. நிரப்பியவள் நான்தான். அவள் தூங்கும்போது மூச்சு விடுகிறாளா என்று அடிக்கடி பார்ப்பேன். பிறகு பார்ப்பதோடு நிற்காமல் பதிவும் செய்ய ஆரம்பித்தேன். மருத்துவர் கேட்டால் காட்டலாம் என்று எண்ணம். எந்த மருத்துவரும் கேட்கவில்லை. மாதக் கட்டணம் கட்டி அதிக இடம் வாங்கியிருக்கலாம். கட்ட மறந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்று எங்கோ படித்திருந்ததால் வாங்கவில்லை. இப்போது வைஃபை போட்டாலே கைப்பேசி கொதித்து அணைந்தது. வீட்டில் இருந்த ஒரே மடிக்கணினி கணவரின் அலுவலகத்துடையது. அதில் எதையும் செருகக் கூடாது. மீதி இருந்த வழி, கைப்பேசியிலேயே நேராகச் செருகும் பென் டிரைவ்.

உள்ளே இருந்தவற்றில் ஒரு வீடியோதான் எனக்கு உயிர். ஒரு வியாழக்கிழமை மாலை, இன்ஃபன்ட் கேர் காப்பகத்திலிருந்து அழைத்து வந்த பிறகு, தோ பாயோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மகள் சோபாவை விட்டுவிட்டுத் துணி வாளி வரை தானாக நடந்தாள். கணவர் வேலை விஷயமாகக் கடல் தாண்டிப் பாத்தாம் தீவில் இருந்தார். சனிக்கிழமை அவர் திரும்பி வந்ததும் அவள் மறுபடி நடந்தாள். "நான் வந்த அன்னிக்குன்னு பார்த்து நடக்கிறா" என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமையை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை. ஆகவே அது அந்தக் கைப்பேசியில் மட்டும்தான் இருந்தது.

பென் டிரைவ்களைப் பற்றி மூன்று நாள் படித்தேன். விலை, கொள்ளளவு, வேகம், உத்தரவாதம் என்று ஒரு தாளில் அட்டவணை போட்டேன். விலை குறைந்ததை எடுத்தால் வேகம் போதாது. வேகம் கூடியதை எடுத்தால், இவ்வளவு விலை கொடுத்து இதையா வாங்கினாய் என்று நானே என்னைக் கேட்பேன். மூன்று நாளில் கைப்பேசியின் பன்னிரண்டு நிமிடம் எட்டாகக் குறைந்திருந்தது.

கணவர் தாளை எடுத்துப் பார்த்தார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட நீ இவ்வளவு விசாரிக்கலையே."

"அப்ப டைம் இல்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தேக்கா சந்தைப் பக்கம் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அங்கே தள்ளுவண்டியோடு போவது புத்திசாலித்தனம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். அட்டவணையில் முதலில் வந்ததைக் காட்டி, "இதுதானே பாய், நொடிக்கு நானூறு எம்பி?" என்று கேட்டேன்.

"அட்டையிலயே போட்டிருக்குல்லம்மா" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்றிருந்த இளைஞர் சிரித்தார். கப்பல் பட்டறையின் பெயர் போட்ட சட்டை. ஊரில் அவருக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் அவர் தம்பி அனுப்பும் வீடியோக்களைச் சேர்த்து வைக்கத்தான் அவரும் பென் டிரைவ் வாங்க வந்திருந்தார்.

"அக்கா, அது எடுக்கிற வேகம். உள்ள போடுற வேகத்தை ஒருத்தனும் அட்டையில போட மாட்டான்."

என் அட்டவணையில் அப்படி ஒரு பத்தியே இல்லை.

"போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும். முதல் நிமிஷத்தை நம்பாதீங்க. முதல்ல பறக்கும், அப்புறம் படுத்துக்கும்."

"இவர் வந்தா நான் நாலு டப்பா திறந்தாகணும்" என்றார் கடைக்காரர்.

"திறந்தாத்தானே பாய் விக்கும்."

இளைஞர் ஏற்கெனவே இரண்டைப் போட்டுப் பார்த்து ஒதுக்கியிருந்தார். மூன்றாவதைத் தன் கைப்பேசியில் செருகி, அஸ்திவாரம் தோண்டும் வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம். மூன்று நிமிடம் கழித்துச் சரி என்று தலையசைத்தார். அது நான் தேர்ந்தெடுத்ததைவிட விலை குறைவு. அட்டையில் நூற்றைம்பதுதான் போட்டிருந்தது.

"எனக்கும் அதுலயே ஒண்ணு" என்றேன். சொன்ன உடனே சரிதானா என்று தோன்றியது.

கடைக்காரர் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுத்தார். கைப்பேசியை உயிர்ப்பித்துச் செருகினேன். முறைப்படி, பழையதிலிருந்து ஆரம்பித்தேன்.

இளைஞர் எட்டிப் பார்த்தார். "அக்கா, பாப்பா தூங்குது."

"ஆமா."

"அடுத்ததுலயும் தூங்குது."

"அது வேற நாள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் இருக்கே. முக்கியமானதை முதல்ல போட்டுடுங்கக்கா."

கைப்பேசியின் முதுகு சுட்டது. நாலு நிமிடம் போய்விட்டிருந்தது. கணவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நீங்க பாப்பாவை வெளியில கூட்டிட்டுப் போங்களேன். ஏசி அவளுக்கு ஒத்துக்காது."

"வெளியில வெயில்" என்றார். நகரவில்லை.

தூக்கங்களை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமைக்குப் போய், அதைத் தொட்டேன். திரையில் சின்னப் படமாக, வாளியை நோக்கிக் கை நீட்டியபடி, எதையும் பிடிக்காமல் மகள் நின்றாள். மேலே கிழமையும் தேதியும் பளிச்சென்று இருந்தன. நீலக்கோடு மெதுவாக வலப்பக்கம் நகர்ந்து கடைசியைத் தொட்டது. சற்று நேரத்தில் கைப்பேசி அணைந்தது.

"வியாழக்கிழமை" என்றார் கணவர்.

"ம்."

"புதன்கிழமையே நடந்துட்டா."

நான் திரும்பினேன்.

"இன்ஃபன்ட் கேர் டீச்சர் போன்ல சொன்னாங்க. வாய் தவறி வந்துடுச்சு. வழக்கமா சொல்ல மாட்டாங்களாம், அப்பா அம்மாவே முதல்ல பார்த்ததா இருக்கட்டும்னு. உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க."

"அப்புறம் சனிக்கிழமை ஏன் அழுதீங்க?"

"நான் பார்த்தது அன்னிக்குத்தானே?"

எங்கள் இருவரையும் தவிர வேறு எங்காவது பார்க்க வேண்டுமே என்று இளைஞர் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியின் பொத்தானை அழுத்தினேன். அழுத்திப் பிடித்தேன். சார்ஜரில் போட்டும் பார்த்தோம். அது எரியவில்லை. அதன் பிறகு எப்போதுமே எரியவில்லை.

"உள்ள ஏறினது உண்மையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கோடு கடைசிவரை போனதைப் பார்த்தேன். ஆனாலும் கேட்டேன்.

கடைக்காரர் பென் டிரைவை வாங்கி, சுவரில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் பின்னால் செருகினார். இரண்டு தூக்கங்கள் இருந்தன. மூன்றாவதாக எங்கள் கூடம் வந்தது. மகள் சோபாவை விட்டாள். என் குரல் "விழப்போற, விழப்போற" என்றது, மகளைவிடச் சத்தமாக. அவள் விழவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்பதுபோலத் திரும்பினாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். தள்ளுவண்டியில் இருந்தவள் மட்டும் ஒரு சார்ஜர் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க பாய்" என்றார் கணவர்.

கடைக்காரர் போட்டார். அது முடிந்ததும் கடைக்காரர் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். கணவர் மூன்றாம் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு பென் டிரைவையும் எடுத்து, அந்தச் சார்ஜர் அட்டையோடு சேர்த்து, பணம் கட்டினேன்.