வெர்லின் உள்ளங்கை

யூட்டா பாலைவனத்தில், கரட்டுப் பாதைக்காக ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டிய வண்டி எதுவானாலும், அதன் நோவைச் சொல்ல மெக்கானிக் வெர்லுக்குக் கருவி வேண்டாம். நாற்பத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டே கியர் கம்பின் மேல் உள்ளங்கையை வைப்பார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்தால், எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு தப்பு. காலை எடுத்த பிறகும் அதிர்ந்தால் ஷாஃப்டின் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தக் கை சொன்னதுதான் தீர்ப்பு. மீதி நேரங்களில் மனிதர் ஊருக்கே தொல்லை. ஒருமுறை நண்பர் ஆர்லனுக்குப் போன் போட்டு, "உன் வண்டி பத்திக்கிச்சு" என்று சொல்லி, ஜட்டியோடு தெருவில் ஓடவிட்டவர்.

அன்று பட்டறைக்கு வந்தது ஜோலீனின் வண்டி. ஷாஃப்டை மூன்று தடவை கழற்றி மாட்டியாயிற்று. பின் அச்சில் இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வையும் மாற்றியாயிற்று. கைக்கு மட்டும் திருப்தியில்லை.

"இன்னும் ஆடுது" என்றார், ஓட்டிக்கொண்டே.

"என்னய்யா ஆடுது? வெண்ணெய் மாதிரி போகுது." பக்கத்தில் இருந்த ஜோலீன் காப்பிக் கோப்பையை டாஷ்போர்டில் வைத்தாள். "நீயே பாரு."

காப்பியில் ஒரு சுருக்கம் இல்லை.

வெர்ல் கம்பிலிருந்து கையை எடுத்து மடியில் போட்டார். அங்கேயும் அது ஆடியது.

"ஆரம்பிச்சிட்டியா உன் வித்தைய!" ஜோலீன் சிரித்தாள். அவரும் சிரித்தார், வாயால் மட்டும்.

அப்போதுதான் ஆர்லன் ஞாபகம் வந்தது. போன வாரம் ஆர்லனின் வண்டியும் ஆடுவதாக இதே கை சொன்னது. கோணம் அளக்கும் கருவியைத் தொடக்கூடச் செய்யாமல், சரியாக இருந்த அச்சில் ஆப்பு அடித்துக் கோணலாக்கி அனுப்பிவிட்டார். வேகம் ஏறினால் இணைப்பு முறியும்; ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தும். இன்றைக்கு ஆர்லன் மகளோடு மலைப்பாதைக்குக் கிளம்புகிறார்.

வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டார்.

"ஆர்லன், வண்டிய எடுக்காத. ஷாஃப்ட் பிச்சுக்கும்."

"இந்தத் தடவ பேன்ட் போட்டிருக்கேன்டா." பின்னால் எஞ்சின் உறுமியது. ஒரு பெண் குரல் சிரித்தது.

"விளையாடலடா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. வைடா போனை!"

"அன்னைக்கு ஆடுனது உன் வண்டி இல்லடா. என் கை. இப்பவும் ஆடுது. நல்லா இருந்தத நான்தான் கெடுத்துட்டேன்."

எஞ்சின் நின்றது.

"எத்தன நாளா, வெர்ல்?"

போனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ஜோலீன் காப்பியைத் தொடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.