அப்பாவின் நெஞ்சுப் படமும் பன்னிரண்டு கழுகுகளும்

டி-சட்டையில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவன் பெயிண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை, காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். வீட்டில் இந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பட்டம் வாங்கிவிட்டு, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பிவிட்டு, தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மற்றதும் தெரியும். எண்பதுகளின் நடுவில், வேலை கிடைக்காத அந்த ஒன்றரை வருடம், மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறம்தான் என் அலுவலகம்.

வீட்டில் இன்னொரு காத்திருப்பும் இருந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். இருமல் நிற்கவில்லை என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் காட்டியபோது எக்ஸ்ரே படத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. டாக்டர் அதைச் சுற்றி மஞ்சள் பென்சிலால் வட்டம் போட்டார். "ஆறு மாசம் கழிச்சு இந்தப் படத்தோட வாங்கோ. புள்ளி வளரேல்லை எண்டால் பயமில்லை" என்றார். வளர்ந்திருந்தால், அல்லது ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போனால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சில் ஊசி குத்திப் பார்க்க வேண்டும். படத்தை அம்மா பழுப்பு உறையோடு அலமாரிக்கு மேல் வைத்தார்.

காற்று எந்தப் பக்கம்

முதல் வாரம். சிவப்பை அடித்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா ஒரு கிளினிக்கில் உதவியாளர். அவருடைய வெள்ளைச் சீருடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் முதுகெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்பு.

மறைக்கத் தெரியவில்லை. நானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அக்கா அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"தம்பி, யூனிபோமுக்கு அம்மை போட்டிருக்கு லா. நாளைக்கு நான் வேலைக்குப் போறதா, நோயாளியா நம்பர் எடுத்து உக்கார்றதா?"

மாதிரிச் சட்டை

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைப் பையன்களின் கால்பந்துக் குழு. பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள், ஒவ்வொன்றின் நெஞ்சிலும் இறக்கை விரித்த கழுகு. எனக்கு வந்த முதல் பெரிய வேலை அது. அட்டையில் கழுகை வெட்டி, சட்டைமேல் வைத்து அடித்தேன். அட்டை பெயிண்டைக் குடித்து ஊறியது, ஓரம் தூக்கியது, உள்ளே கசிந்தது. மாதிரிச் சட்டையைக் குழுத் தலைவர் மணியம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பாஸ், நாங்க கழுகு கேட்டோம். இது கோழி. அதுவும் மழையில நனைஞ்ச கோழி."

அலமாரிக்கு மேல்

வழி சொன்னது லெட்சுமி அக்காதான். கிளினிக்கில் யாரும் வாங்க வராத பழைய எக்ஸ்ரே பிலிம்களைக் கழித்துப் போட்டார்கள். பிலிம் ஊறாது, கத்தியில் அழகாக வெட்டுப்படும். நான்கு கொண்டுவந்து கொடுத்தார். நான்கும் பழுப்பு உறையில். அவற்றை நானும் அலமாரிக்கு மேல்தான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே வெட்டினேன். கழுகு கழுகாகவே வந்தது. பதினோரு சட்டைகளுக்குப் பிலிமில் விழுந்த ஓட்டை வழியாக அடித்தேன். கோல் கீப்பர் சட்டைக்கு மட்டும், வெட்டி எடுத்த கழுகுத் துண்டை நெஞ்சில் ஒட்டிவைத்து, சுற்றிலும் முழுக்கச் சிவப்பு அடித்தேன். துண்டை உரித்தால் வெள்ளைக் கழுகு. சனிக்கிழமை மணியம் வந்தபோது அது இன்னும் ஈரம். காய்ந்ததும் உரித்துக்கொள்ளச் சொல்லி, துண்டோடு கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு காலை அம்மா, "நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும், அப்பா படத்த எடுத்து வை" என்றார். ஐந்து உறைகளையும் இறக்கினேன். நான்கில் பிலிம் இருந்தது. காலியாக இருந்த ஐந்தாவது உறையின் மூலையில் ஆங்கிலத்தில் அப்பாவின் பெயர்.

என் மேசைக்கடியில் கிடந்த பிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சிவப்புப் படிந்த இடத்துக்கு அப்பால் அப்பாவின் தோள் இருந்தது, விலா ஓரங்கள் இருந்தன. மஞ்சள் வட்டம் இல்லை. அது வலது இறக்கையோடு போய்விட்டது. உறையையும் பிலிமையும் அப்பாவிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். கோபப்பட்டிருக்கலாம்.

"எனக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. உனக்குமா?"

கோல் கம்பத்துக்குப் பின்னால்

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கோல் கீப்பர் செல்வத்தின் நெஞ்சில் வெள்ளைக் கழுகு பளிச்சென்று தெரிந்தது. துண்டை உரித்தாகிவிட்டது. நான் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, "தம்பி, அந்தப் பிலிம் எங்க?" என்றேன்.

"இருங்கண்ணே, கோர்னர் அடிக்கிறான்!"

கோர்னர் அடித்தார்கள். மறுபடியும் கோர்னர். திடலோரத்துக் குப்பைத் தொட்டியில் ஏதோ புகைந்துகொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். இடைவேளையில் செல்வம் தன் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான்.

"வெளிச்சத்துல காட்டுனேன்ணே, ஓரத்துல எலும்பு தெரிஞ்சிச்சு. யாரு நெஞ்சோ, குப்பையில போட மனசு வரல."

மஞ்சள் வட்டம்

துண்டு முழுக்கச் சிவப்பு. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பட்டால் பிலிமே உருகிவிடுமோ என்று முதலில் வால் நுனியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உருகவில்லை. பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். சிவப்போடு மஞ்சள் வட்டமும் கரையத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். கழுகை அதன் ஓட்டையில் பொருத்தி டேப் ஒட்டினேன்.

மறுநாள் டாக்டர் புதுப் படத்தையும் அதையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நெஞ்சின் நடுவே சிவப்பு விளிம்போடு கழுகு பறந்தது. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அளவுகோலை எடுத்துப் பழைய புள்ளியை அளந்தார். புதியதை அளந்தார். திரும்பவும் பழையதை. அப்பா சட்டையைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளரேல்லை. பழைய வடு" என்றார் டாக்டர். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றி மாட்டினார். டாக்டர் விளக்கை அணைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"கழுகு நல்லாத்தான் வந்திருக்கு, தம்பி. இனி ஆருடைய நெஞ்சிலயும் வெட்டாதையும்."

அந்தப் பன்னிரண்டு கழுகுகளும் நான்காவது சலவைக்குள் உதிர்ந்துவிட்டன. டேப் போட்ட பதின்மூன்றாவது மட்டும், அப்பாவின் பெயரை நான் தமிழில் பெரிதாக எழுதிய உறைக்குள், அலமாரிக்கு மேல் பத்திரமாக இருக்கிறது.