அம்மா தையல் மெசினைக் கேட்கவில்லை

அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் சொந்தங்களே, அவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவதென்றால் எனக்கு இலகு. பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொல்லாத ஒன்றை எழுதத்தான் நினைவு மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

அரிப்பு என்ற ஊரில் பிறந்த அம்மா வங்காலையில் வாழ்க்கைப்பட்டார். அப்பாவின் வள்ளம் கடலுக்குப் போகாத நாட்களில் அம்மா தைத்த சட்டைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. இடம்பெயர்ந்து ஓடிய அன்று அப்பா பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போனார். ஷெல் விழுந்தது. தையல் மெசினை எடுத்துவரத் தானே அனுப்பியதாக அம்மா எல்லோரிடமும் சொன்னார். மெசினுக்காக மனிசனைக் குடுத்தவள் என்று சொந்தத்துக்குள் பேர் வந்தது. அப்பாவின் சகோதரிகள் அதன்பிறகு செத்த வீட்டில்கூட அம்மாவின் முகம் பார்க்கவில்லை.

மீளக்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. நான் ஆசிரியையாகி அலுமாரி, கதிரை, கட்டில் என்று வாங்கிப் போட்டேன். அம்மாவோ ஒவ்வொன்றாக வெளியேற்றினார். முதலில் கோப்பைகள், பிறகு கதிரைகள். ஒருநாள் பள்ளியால் வந்தால் அலுமாரி பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணிடம் போயிருந்தது, என் உடுப்பெல்லாம் பாயில் கிடந்தன. விசரோ உங்களுக்கு என்று கத்தினேன்.

“சாமான் கிடந்தா எடுக்கவெண்டு ஆராவது திரும்பிப் போவினம், பிள்ளை. ஒண்டுமில்லாட்டி எல்லாரும் ஒண்டா ஓடலாம்.”

யுத்தம் முடிந்துவிட்டது, இனி எங்கே ஓடுவது என்று கேட்டேன். அடுத்த கிழமை கட்டிலும் போயிற்று. கடைசியில் இரண்டு சேலை, ஒரு பானை, செபமாலை, பாய். சிறுநீரகம் பழுதாகி, கால் வீங்கி, அந்தப் பாயில்தான் கிடந்தார். இரவல் கட்டிலில் ஏற்ற நான் காலைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது.

உண்மை இதுதான். அன்று பாதி வழியில் நின்று அழுதது நான். சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழை அலுமாரிக்குள் விட்டுவிட்டேன் என்று அழுதேன். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து மறித்தார். அப்பா என் அழுகையைத்தான் கேட்டார். அம்மா மெசின் என்று சொன்னபோது பதினேழு வயதான நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு கொழும்புக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். சான்றிதழின் புதுப்பிரதி தபாலில் வந்தது. அவ்வளவுதான் அதன் பெறுமதி, கடவுளே.

கடைசி நாட்களில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“நான் போறவள். நீ அவையளுக்குள்ள இருந்து சீவிக்க வேணும். பேசாம இரு.”

சவப்பெட்டியை மூடும்வரை பேசாமல்தான் இருந்தேன்.

கட்டில் தந்த அயலவருக்கும், அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. அத்தைமாரே, அந்தக் கதையை இனியும் கதைக்க வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லிக் கதையுங்கோ. அப்பாவைத் திருப்பி அனுப்பியது நான்.

மகள்