நான் விட்ட இரண்டரை மணித்தியாலம்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் இருக்கும். புத்தளம் நகரில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றில் வேலை செய்தேன். உடப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

ஒருநாள் காலை கடையைத் திறந்ததும் தில்லையடியைச் சேர்ந்த ஒருவர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். முதல்நாள் இரவு அவருடைய உம்மா மௌத்தாகிவிட்டார். கட்டாரில் வேலை செய்யும் தம்பி, காலை ஏழு மணி விமானத்தில் வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். அதன்பின் அவருடைய போன் வேலை செய்யவில்லை. தம்பி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்து சேருவார் என்று தெரிந்தால்தான் ஜனாஸாவை அடக்க நேரம் வைக்கலாம் என்றார்.

கணினியில் பார்த்தேன். தோஹாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு நேரம் என்றெல்லாம் வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அங்கிருந்து வேனில் வர மூன்று மணித்தியாலம். ஐந்து மணித்தியாலப் பயணம், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று யோசிக்காமலே சொன்னேன். நண்பகல் லுஹர் தொழுகைக்கு அடக்க இருந்ததை, பின்னேரம் மூன்றரை போல வரும் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று மாற்றினார்கள்.

மூன்று மணிக்குக் கிட்ட நானா போன் எடுத்தார்.

"தங்கச்சி, தம்பி இப்பதான் கட்டுநாயக்கவில எறங்கியிருக்கான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஏழு மணி கட்டார் நேரம். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம் இருப்பதை நான் கூட்டவேயில்லை. பிழை என்னுடையது என்று சொன்னேன். "சரி" என்று போனை வைத்துவிட்டார்.

ஒருமுறை தள்ளியதை மறுபடியும் தள்ளப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. அஸருக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். தம்பி ஆறு மணிக்கு வந்து, நேரே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனாராம்.

ஒரு கிழமை கழித்து, திரும்பிப் போகும் திகதியை மாற்ற அந்தத் தம்பியே கடைக்கு வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமலே விட்டிருக்கலாம். டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகு, அன்றைக்கு நேரம் பார்த்துச் சொன்னது நான்தான் என்றேன்.

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பறந்தது நீங்க சொன்ன அஞ்சு மணித்தியாலம்தான். நானும் ஏழு மணியெண்டு மட்டும்தானே போட்டன். எந்த நாட்டு ஏழு மணியெண்டு போடல்லயே."

அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறேன். எத்தனை மணித்தியாலப் பயணம் என்று யாராவது கேட்டால், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பி என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் அந்தப் பிழையை நான் எப்போதோ மறந்திருப்பேன் என்று சில நேரம் தோன்றும். பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனதால்தான் மீதிப் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது.