பெயர் சொல்லி அழைக்காத வளைவு

சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே விடியற்காலையில் ஒரு பெண் ஓடுவாள். அவள் என் மகள் என்று தெரிந்தும், அந்தக் காலடிச் சத்தம் கேட்டால் என் கால் செருப்பைத் தேடும். நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊரில் பெண்கள் ஓடுவதில்லை. ஒருத்தி ஓடினாள் என்றால் யாரையோ கடல் கொண்டுபோய்விட்டது, அல்லது எங்கோ கூரை பற்றிக்கொண்டது என்று பொருள். தெருவே எழுந்து அவள் பின்னால் ஓடும். இங்கே யாரும் எழுவதில்லை. கீழ்த்தளத்து மலாய்ப் பெண்மணி மட்டும் ஒருநாள் கேட்டார், "உங்க பொண்ணு தினமும் பஸ்ஸை விட்டுடுறாளா?" எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், காலேஜில் சேர்வதற்காக ஓடுகிறாள் என்றேன். "ஐயோ பாவம், அவ்வளவு தூரத்திலயா காலேஜ்?" என்றார்.

1989 கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. ஸ்டெல்லா பள்ளியின் ஓ லெவல் தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கு எந்த ஜூனியர் காலேஜ் என்று முடிவு செய்ய வேண்டிய நேரம். மேடும் மண்பாதையுமாக நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரிதான் அவளுக்கு உயிர். வீட்டுக்கு அருகிலேயே நல்ல காலேஜ் இருந்தது. அவள் கேட்டதோ தீவின் மறுகோடியில், சுவா சூ காங் பக்கம்.

"ஈஸ்ட்ல எல்லாம் ஃப்ளாட் லா, அப்பா. ட்ராக்லயே ரவுண்டு ரவுண்டா சுத்துவாங்க. அங்க ஏத்தம் இருக்கு, மண் ரோடு இருக்கு. கேர்ள்ஸ் டீம் ஸ்ட்ராங்."

"அந்த ரோடு எந்த வழியா போகுதுன்னு சொல்லுடி," என்றாள் என் மனைவி அருள்மேரி.

"செமட்ரி வேலி ஓரமா. ஸோ வாட்?"

"சிங்கப்பூர்ல இத்தனை காலேஜ் இருக்கு, உனக்குக் கல்லறை வாசல்தான் கிடைச்சுதா? நான் சம்மதிக்க மாட்டேன்."

அருள்மேரியின் பிடிவாதத்துக்குக் காரணம் சொல்ல 1971க்குப் போக வேண்டும். நாங்கள் கப்பலில் வந்தபோது கடல் கொந்தளித்தது. பெண் பிறந்தால் ஸ்டெல்லா என்று, கடலின் விண்மீனான மாதாவின் பெயரை வைப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். 1973 தொடக்கத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஓர் ஒற்றையறையில் நாங்கள் குடியிருந்தபோது, பெண் பிறந்தது. ஞானஸ்நானம் பெறும்வரைதான் இருந்தது. சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு பெண். நேர்ந்த பெயர் நேர்ந்ததுதான் என்று எங்கள் பங்குக் கோயிலில் பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் ஸ்டெல்லா ஆனாள். ஆகவே நவம்பர்தோறும் கல்லறைத் திருநாளில் என் மகள் மெழுகுவத்தி ஏற்றும் சிறிய சிலுவையில் இருப்பது அவளுடைய பெயர், அவள் பிறந்த ஆண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அவள் எங்களைப் பார்த்துக் கேட்டாள், "இது நானா?" அருள்மேரி பிள்ளையின் கையைப் பிடித்திழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பயிற்சியில் சேர்ந்து ஓடிப் பார்க்க அந்தக் காலேஜ் ஸ்டெல்லாவை அழைத்தது. நானும் போனேன். சூ லிங் என்ற சீனப் பெண் அணித்தலைவி. பாதையை எனக்குக் காட்டியபடி, "அங்கிள், அந்த வளைவுல நாங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நம்பர் மட்டுந்தான். பின்னால திரும்பியும் பார்க்க மாட்டோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஓட்டக்காரர்களின் ஒழுங்கு என்று நினைத்துத் தலையாட்டினேன். நன்றாகப் பார்க்கலாம் என்று அதே வளைவில் போய் நின்றேன்.

அங்கிருந்த பன்றிப் பண்ணைகளை அரசாங்கம் அகற்றிவிட்டிருந்தது. ஆளில்லாத கொட்டில்கள், கதவில்லாத ஒரு வீடு, அதன் கொடியில் யாரும் எடுத்துப்போகாத ஒரு துணி. வேலிக்கு அப்பால் கல்லறைகள். மழை வரப்போகிற கறுப்பு வானம். பெண்கள் வரிசையாகப் பேச்சில்லாமல் வந்தார்கள், காலடி மட்டும் கேட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். என் மகளைக் காணவில்லை. பிறகு அவள் தனியாக வந்தாள், வாய் திறந்து, முகம் வெளுத்து, எங்கள் ஊர்ப் பெண்கள் ஓடுவதைப் போலவே. என்னைக் கவனிக்காமல் கடந்து போனாள்.

"ஸ்டெல்லா!" என்று கத்திவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. ஓடிக்கொண்டே வளைவில் மறைந்தாள். என் குரல் வேலியைத் தாண்டிப் போனது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் அடங்கின. அந்த இடத்தில் அந்தப் பெயரை நாங்கள் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதைவிட அச்சம் தந்தது இன்னொன்று. மகள் போன திசையைப் பார்க்காமல், வேலிப் பக்கம் திரும்பி, பதிலுக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன்.

மைதானத்தில் சூ லிங் என்னிடம் வந்தாள். "யாரைக் கூப்பிட்டீங்க அங்கிள்?"

"என் மகளை."

"அவ பதில் சொல்லல இல்ல? அப்ப சரி. பேர் சொன்னா வேற யாராவது வந்துடுவாங்கன்னு எங்க வீட்டுல சொல்வாங்க," என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் ஸ்டெல்லா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நீ கூப்பிட்டது கேட்டுச்சுப்பா. நானும் திரும்பிடலாமான்னு பார்த்தேன். ஆனா என்னைத்தான் கூப்பிட்டியான்னு தெரியல."

அருள்மேரியிடம் மறைக்காமல் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"திரும்பினாளா?"

"இல்ல."

"நல்லது." தண்ணீரைக் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "மூத்தவ?"

நான் அடுப்பை மூட்டினேன். உலை கொதித்ததும் அவள் அரிசியைப் போட்டாள். பிறகு அவளே சொன்னாள், "அங்கேயே சேரட்டும். வருஷத்துக்கு ஒரு நாள்தானே நாம போறோம். இவளாவது அடிக்கடி அந்தப் பக்கமா போகட்டும்."

சேர்ந்தாள். விடியுமுன் கிளம்பினாள். அவள் போகும்போது வாசலில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் நின்றுபோனது. இப்போது "கண்ணு" மட்டும்தான். ஊரிலிருந்து என் தம்பி எழுதுகிறான், கோயில் கல்லறையில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம், எப்போது வருகிறீர்கள் என்று. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊருக்குப் பெட்டியில் திரும்புகிறவர்களை அனுப்பி வைப்பவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் தம்பிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளில் ஸ்டெல்லா சிலுவையருகே நெடுநேரம் இருந்துவிட்டாள். இருட்டத் தொடங்கியது. நாங்கள் வாசலில் நின்றோம், அவளை அழைக்காமல். அவளாக எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். பேருந்தில் மூவரும் அமர்ந்த பிறகு, பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் அருள்மேரி தன் கைப்பையை வைத்தாள். யாரோ உட்கார வந்தார்கள். "ஆள் இருக்கு," என்றாள்.